வீட்டில் புலி, வெளியில் எலி

எல்லாக் குடும்பத்திலும் இப்படி ஒருவர் இருப்பார். அலுவலகத்தில் மேலாளர் எதிரே வாய் திறக்க மாட்டார். பேருந்தில் நடத்துனர் பாக்கிச் சில்லறை தராவிட்டால்கூடக் கேட்காமல் இறங்கிவிடுவார். வீட்டுக்கு வந்ததும் சாம்பாரில் உப்புக் குறைந்ததற்குத் தட்டு பறக்கும். "வீட்டில் புலி, வெளியில் எலி" என்று நம்மவர்கள் ஒரே வரியில் சொல்லி முடித்துவிட்டார்கள். ஆனால் அவருடைய உண்மையான குணம் எது? கோபக்காரரா, பயந்த சுபாவமா? கல்யாணத்துக்கு முன் பெண் வீட்டார் அலுவலகத்தில் விசாரித்திருந்தால் "தங்கமான பையன், அதிர்ந்து பேச மாட்டார்" என்று பதில் வந்திருக்கும். பக்கத்து வீட்டில் விசாரித்திருந்தால் வேறு பதில். இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை.

உயரத்தை அளக்க நாடா இருக்கிறது, காய்ச்சலை அளக்க வெப்பமானி இருக்கிறது. பொறுமையையும் கூச்சத்தையும் பொறுப்பையும் எதை வைத்து அளப்பது? அதுவும், இடத்துக்கு இடம் மாறுகிற ஒரு மனிதரிடம்? உளவியலாளர்கள் நூறாண்டுக்கும் மேலாக இந்தக் கேள்வியோடு மல்லுக்கட்டி வருகிறார்கள்.

எல்லோருக்கும் பொருந்தும் ஜாதகம்

எது அளவீடு ஆகாது என்பதை முதலில் பார்த்துவிடலாம்.

1948-இல் அமெரிக்க உளவியலாளர் பெர்ட்ரம் ஃபோரர் தன் வகுப்பு மாணவர்கள் 39 பேருக்கு ஓர் ஆளுமைத் தேர்வு வைத்தார். ஒரு வாரம் கழித்து ஒவ்வொருவர் கையிலும் அவரவர் பெயர் எழுதிய தாள் ஒன்றைக் கொடுத்தார். தங்கள் குணத்தை அது எந்த அளவுக்குச் சரியாகச் சொல்லியிருக்கிறது என்று 0 முதல் 5 வரை மதிப்பெண் போடச் சொன்னார். சராசரி 4.26 வந்தது. பிறகுதான் விஷயத்தை உடைத்தார்: எல்லோருக்கும் கொடுத்தது ஒரே வாசகம். அதில் பெரும்பகுதி, பத்திரிகைக் கடையில் விற்கும் ஜோதிடப் புத்தகம் ஒன்றிலிருந்து பொறுக்கியது. மற்றவர்கள் மெச்ச வேண்டும் என்று உள்ளூர ஆசைப்படுகிறவர், வெளியே நிதானமாகத் தெரிந்தாலும் உள்ளுக்குள் கொஞ்சம் தவிக்கிறவர் என்கிற ரகம். யார்தான் இல்லை?

சர்க்கஸ் முதலாளி பி.டி.பர்னம் பெயரால் இதைப் பர்னம் விளைவு என்கிறார்கள். நட்சத்திரப் பலன் படிக்கும்போது "அச்சு அசலாக என்னைப் போலவே இருக்கிறதே" என்று தோன்றுவதும் இதனால்தான். வேறு நட்சத்திரத்தின் பலனைப் பெயரை மறைத்துக் கொடுத்தாலும் பெரும்பாலும் அப்படியே தோன்றும். எனவே, படித்ததும் மனசுக்குள் மணி அடிப்பதை ஒரு தேர்வின் தரத்துக்குச் சான்றாக எடுத்துக்கொள்ள முடியாது. அளக்க உதவும் வாக்கியம் என்றால், அதற்குச் சிலர் ஆமாம் என்றும் சிலர் இல்லை என்றும் சொல்ல வேண்டும். ஆட்களைப் பிரித்துக் காட்டாத வாக்கியம் அளவுகோலில் கோடு ஆகாது.

அகராதியைப் புரட்டியவர்கள்

சரி, எதை அளப்பது? குணங்களுக்குக் கணக்கு வழக்கே இல்லையே. கருமி, ஊதாரி, முன்கோபி, வாயாடி, சோம்பேறி, அழுத்தக்காரன் என்று சொல்லிக்கொண்டே போகலாம். அந்தப் பட்டியலிலிருந்தே தொடங்கலாம் என்பதுதான் இந்தத் துறையின் முதல் நல்ல யோசனை. ஒருவரோடு ஒருவர் பழகிப் பிழைக்கிற மனிதர்களுக்கு முக்கியமாகத் தென்படுகிற வேறுபாடு எதுவானாலும், அதற்கு மொழி எப்போதோ ஒரு சொல்லை உண்டாக்கியிருக்கும். அப்படியானால் அகராதியைப் புரட்டினால் போதும்.

1884-இல் இங்கிலாந்தின் பிரான்சிஸ் கால்டன் ஒரு சொற்களஞ்சியத்தைப் புரட்டிப் பார்த்து, குணத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்கள் ஆயிரமாவது தேறும் என்றார். 1936-இல் கார்டன் ஆல்போர்ட்டும் ஹென்றி ஆட்பர்ட்டும் வெப்ஸ்டரின் பேரகராதியை உட்கார்ந்து சலித்து 17,953 சொற்களை எடுத்தார்கள். அவற்றில் வந்துபோகும் மனநிலைகளைச் சொல்பவையும், நல்லவன் கெட்டவன் என்று வெறுமனே தீர்ப்புச் சொல்பவையும் ஏராளம். அவற்றைக் கழித்தபின் சுமார் 4,500 சொற்கள் நின்றன. ஒருவரிடம் காலத்துக்கும் இடத்துக்கும் அப்பால் ஓரளவு நிலைத்து நிற்கிற இத்தகைய தன்மையைக் குணக்கூறு என்று அழைப்போம்.

4,500-ஐ வைத்துக்கொண்டு யாரையும் அளக்க முடியாது. ரேமண்ட் கேட்டல் 1940-களில் ஒரே பொருள் தரும் சொற்களைக் கட்டுக்கட்டாகச் சேர்த்து 171 ஆக்கினார், பிறகு 35 ஆக்கினார். அடுத்த வேலையைக் கணிதம் பார்த்துக்கொண்டது. நூற்றுக்கணக்கான ஆட்களுக்கு அவர்களைத் தெரிந்தவர்களைக் கொண்டு ஒவ்வொரு சொல்லுக்கும் மதிப்பெண் போடவைப்பது. பிறகு எந்தச் சொற்கள் சேர்ந்தே ஏறி இறங்குகின்றன என்று பார்ப்பது. கலகலப்பானவர் என்று பெயர் வாங்குகிறவரே பேச்சுக்காரர் என்றும் துணிச்சல்காரர் என்றும் பெயர் வாங்கினால், அந்த மூன்று சொல்லுக்கும் அடியில் ஒரே சரடு ஓடுகிறது என்று கொள்ளலாம். சரடுகளைப் பிரித்தெடுக்கும் இந்தக் கணக்குக்குக் காரணிப் பகுப்பாய்வு என்று பெயர்.

கேட்டல் தனக்கு 16 சரடு கிடைத்ததாகச் சொன்னார். மற்றவர்கள் செய்து பார்த்தபோது அத்தனை கிடைக்கவில்லை. 1961-இல் அமெரிக்க விமானப் படையில் வேலை பார்த்த எர்னஸ்ட் டியூப்ஸ், ரேமண்ட் கிறிஸ்டல் என்ற இருவர் எட்டு வெவ்வேறு குழுக்களின் மதிப்பெண்களை ஆராய்ந்தார்கள். எட்டிலும் ஐந்து சரடுகள் திரும்பத் திரும்ப வந்து நின்றன. உளவியலின் மிகப் பெரிய கண்டுபிடிப்புகளில் ஒன்றான அது, விமானப் படையின் உள்சுற்று அறிக்கையாக அடங்கிப்போனது. பொது ஆய்விதழ் ஒன்றில் அச்சாக 1992 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நடுவில் லூயிஸ் கோல்ட்பர்க் அதே ஐந்தை மறுபடி கண்டு, பெரும் ஐந்து என்று பெயர் சூட்டினார். பால் கோஸ்டாவும் ராபர்ட் மெக்ரேயும் அதற்கு 240 வாக்கியங்கள் கொண்ட விரிவான தேர்வு ஒன்றைச் செய்தார்கள்.

அந்த ஐந்தையும் நம் சொல்லில் இப்படிச் சொல்லலாம். ஆட்களோடு சேரும்போது உற்சாகம் ஏறுவது கலகலப்பு. விட்டுக்கொடுத்து, நம்பி, பரிவோடு பழகுவது இணக்கம். எடுத்ததை முடிப்பதும் ஒழுங்கும் பொறுப்புணர்வு. சின்ன விஷயத்துக்கும் பதறுவதும் நொந்துபோவதும் மனக்கலக்கம். புதிய எண்ணம், கலை, பழகாத ருசி ஆகியவற்றின் மேல் ஈர்ப்பு புதுமை நாட்டம். எல்லோரிடமும் ஐந்தும் உண்டு, அளவுதான் வேறு.

ஆறு வாக்கியங்களில் ஓர் அளவுகோல்

இந்தத் தேர்வுகள் உள்ளே எப்படி இயங்குகின்றன என்று தெரிய, நாமே சின்னதாக ஒன்று செய்து பார்ப்பது நல்லது. பொறுப்புணர்வை எடுத்துக்கொள்வோம். "நீங்கள் பொறுப்பானவரா?" என்று நேராகக் கேட்டால் யாரும் இல்லை என்று சொல்லப்போவதில்லை. அன்றாட நடத்தையைக் கேட்க வேண்டும். ஆறு வாக்கியம் போதும் என்று வைத்துக்கொள்வோம்.

ஒன்று: இரவல் வாங்கிய புத்தகத்தை அவர்கள் கேட்கும் முன்பே திருப்பிக் கொடுத்துவிடுவேன்.
இரண்டு: மின் கட்டணத்தைக் கடைசி நாள் வரை தள்ளிப்போடுவேன்.
மூன்று: ஊருக்குப் போவதென்றால் முதல் நாளே பையைக் கட்டிவைத்துவிடுவேன்.
நான்கு: எடுத்த பொருளை எடுத்த இடத்தில் வைப்பேன்.
ஐந்து: ஒரு வேலையைப் பாதியில் விட்டுவிட்டு இன்னொன்றுக்குத் தாவிவிடுவேன்.
ஆறு: வேலை அதிகம் இருந்தால் முதலில் பட்டியல் போட்டுக்கொள்வேன்.

ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை எண் போட வேண்டும். துளியும் பொருந்தாது என்றால் 1, அப்படியே பொருந்தும் என்றால் 5. ஒரு பள்ளி ஆசிரியை இதை நிரப்புவதாகக் கற்பனை செய்துகொள்வோம். அவர் வரிசையாக 4, 2, 5, 3, 4, 4 என்று போடுகிறார்.

இரண்டாவதும் ஐந்தாவதும் எதிர்த்திசையில் கேட்கப்பட்டவை. அவற்றில் எண் கூடக் கூடப் பொறுப்பு குறைகிறது. எனவே அந்த இரண்டையும் 6-லிருந்து கழித்துப் போட வேண்டும்: 2 என்பது 4 ஆகும், 4 என்பது 2 ஆகும். இப்போது கூட்டினால் 22. ஆகக் குறைந்தது 6, ஆக அதிகம் 30.

எதற்கு இந்தச் சுற்றி வளைப்பு? எதைக் கேட்டாலும் ஆமாம் போடுகிறவர்கள் நம்மில் நிறைய உண்டு. சோம்பலாலும் போடலாம், கேட்பவர் மனம் நோகக் கூடாது என்றும் போடலாம். அப்படி ஒருவர் படிக்காமலேயே ஆறுக்கும் 4 போட்டுத் தள்ளினால், எல்லாம் ஒரே திசையில் இருக்கும்போது 24 வாங்கி நம் ஆசிரியையைத் தாண்டிவிடுவார். இரண்டைத் திருப்பிக் கேட்டதால் அவருக்கு 20-தான் கிடைக்கிறது. மூன்றை நேராகவும் மூன்றை எதிராகவும் கேட்டிருந்தால் இன்னும் இறங்கி, நட்டநடுவில் 18-இல் வந்து நின்றிருப்பார். நல்ல தேர்வுகள் அதனால்தான் பாதிக்குப் பாதி திருப்பிக் கேட்கின்றன.

இப்போது 22 என்றால் என்ன? தனியாக அதற்கு ஒரு பொருளும் இல்லை. 30-க்கு 22 என்பதால் முதல் வகுப்பு என்று நினைத்துவிடக் கூடாது. இது பரீட்சை மதிப்பெண் அல்ல. ஆசிரியர்கள் இருநூறு பேருக்கு இதே தாளைக் கொடுத்து அவர்கள் சராசரி 24 என்று வந்தால், இவர் அந்தக் கூட்டத்தில் சற்றுக் கீழே. கல்லூரி மாணவர்களின் சராசரி 19 என்று வந்தால், அவர்கள் நடுவே இவர் மேலே. ஆளுமைத் தேர்வு எதுவானாலும், யாரோடு ஒப்பிட்டு இந்த எண்ணைச் சொல்கிறீர்கள் என்பதுதான் கேட்க வேண்டிய முதல் கேள்வி. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் பல தேர்வுகளிடம் இதற்குப் பதில் இருக்காது.

அடுத்தது, மூன்று வாரம் கழித்து அதே தாளை அவரிடம் மறுபடி நீட்டுவது. 21 வரலாம், 23 வரலாம். அன்று காலை பேருந்தைத் தவறவிட்டிருந்தால் மூன்றாவது வாக்கியத்துக்கு மனசு வந்து 5 போட மாட்டார். ஓரளவு ஊசலாட்டம் இயல்பு. ஊசலாட்டம் எவ்வளவு குறைவோ அவ்வளவு நம்பகம் உள்ள தேர்வு. நம்முடைய ஆறு வாக்கியத் தேர்வில் 22 என்பதை 20-லிருந்து 24-க்குள் எங்கோ என்று படிப்பதுதான் நேர்மை. பக்கத்து வகுப்பு ஆசிரியர் 23 வாங்கினார் என்பதற்காக அவரை இவரைவிடப் பொறுப்பானவர் என்று சொன்னால் அபத்தம். வாக்கியங்களைக் கூட்டினால் ஊசலாட்டம் குறையும். 240 வாக்கியத் தேர்வு பிறந்த காரணமும் அதுதான்.

மூன்றாவது சோதனை வாக்கியங்களுக்கு. "காரமான சாப்பாடு பிடிக்கும்" என்று ஏழாவதாக ஒன்றைச் சேர்த்தால், மொத்தத்தில் அதிகம் வாங்கியவர்களும் குறைவாக வாங்கியவர்களும் அதற்கு ஒரே மாதிரி பதில் போடுவார்கள். மற்ற ஆறோடு சேர்ந்து ஏறி இறங்காத அதைத் தூக்கிவிட வேண்டும். நாம் பெருமையோடு எழுதிய இரண்டாவது வாக்கியமும் இங்கே மாட்டிக்கொள்ளும். கைபேசிச் செயலியில் தானாகவே கட்டணம் போகும்படி செய்துவைத்தவர் எவ்வளவு அலட்சியக்காரராக இருந்தாலும் அந்தக் கேள்வியில் நல்ல பெயர் வாங்குவார். வீட்டில் கட்டணம் கட்டுவது கணவரின் வேலை என்றால் ஆசிரியை என்னதான் பதில் போடுவார்? வாக்கியம் எழுதுகிறவரின் உலகமும் படிக்கிறவரின் உலகமும் வேறாக இருக்கும்போது அளவுகோல் இப்படித்தான் சத்தமில்லாமல் வளையும்.

கடைசியாக, தாளுக்கு வெளியே போக வேண்டும். அதிகம் வாங்கியவர்கள் வருகைப் பதிவேட்டில் தாமதம் குறைவாகக் காட்டுகிறார்களா? விடைத்தாள்களைக் குறித்த தேதியில் திருத்திக் கொடுக்கிறார்களா? கூட வேலை பார்ப்பவர்களைத் தனியாகக் கேட்டால் அவர்களும் அதே வரிசையில்தான் சொல்கிறார்களா? இதற்கு ஏற்புடைமை என்று பெயர். நம்பகம் இருந்தும் ஏற்புடைமை இல்லாமல் போகலாம்: ஒருவரின் செருப்பு அளவை எத்தனை முறை எடுத்தாலும் ஒரே எண் வரும், அதை வைத்துப் பொறுப்பை ஊகிக்க முடியாது.

பெட்டிக்குள் அடைப்பது

நிறுவனப் பயிற்சி வகுப்புகளில் நான்கு எழுத்துக்களால் ஆளைச் சொல்லும் மையர்ஸ் பிரிக்ஸ் தேர்வைப் பலர் எழுதியிருப்பார்கள். கார்ல் யுங் 1921-இல் எழுதிய நூலின் அடிப்படையில் கேத்தரின் பிரிக்ஸ் என்ற தாயும் இசபெல் மையர்ஸ் என்ற மகளும் உருவாக்கியது அது. நீங்கள் அகமுகத்தவர் அல்லது புறமுகத்தவர், இரண்டில் ஒன்று, நடுவில் இடமில்லை.

ஆனால் மனிதர்கள் இரண்டு குவியலாக நிற்பதில்லை. நம் ஆறு வாக்கியத் தாளிலேயே பார்க்கலாம்: பெரும்பாலோர் நடுவில் நெருக்கியடித்து நிற்பார்கள், ஓரங்களில் சிலர்தான். நடுவில் 21-க்கும் 22-க்கும் இடையே ஒரு கோடு கிழித்து இந்தப் பக்கம் பொறுப்பானவர், அந்தப் பக்கம் பொறுப்பற்றவர் என்று முத்திரை குத்தினால், ஆசிரியை ஒரு மாதத்தில் பெட்டி மாறிவிடுவார். மையர்ஸ் பிரிக்ஸ் தேர்விலும் மறுபடி எழுதுகிறவர்களில் கணிசமானோருக்கு எழுத்து மாறுவதன் காரணம் இதுவே. அரட்டைக்கு நல்ல விளையாட்டு. அதை வைத்து ஆளுக்கு வேலை பிரித்துக் கொடுப்பதுதான் உறுத்துகிறது.

காப்பி அடித்த பிள்ளைகள்

இனி, புலியும் எலியுமாக இருப்பவரிடம் வருவோம். இந்தத் துறையையே ஆட்டிவைத்த பிரச்சினை அது.

1920-களில் ஹியூ ஹார்ட்ஷோர்ன், மார்க் மே என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் ஆயிரக்கணக்கான பள்ளிப் பிள்ளைகளுக்கு ஏமாற்ற வாய்ப்புக் கொடுத்துப் பார்த்தார்கள். தன் விடைத்தாளைத் தானே திருத்தும்போது விடையை மாற்றுகிறானா, கையில் கிடைத்த காசை வைத்துக்கொள்கிறானா, விளையாட்டில் கண்ணை மூடச் சொன்னால் இடுக்கு வழியே பார்க்கிறானா என்றெல்லாம் சோதித்தார்கள். நேர்மையான பிள்ளை, நேர்மையற்ற பிள்ளை என்று இரண்டு ரகம் வரும் என்றுதான் பெரியவர்கள் எதிர்பார்த்திருப்பார்கள். வரவில்லை. பரீட்சையில் காப்பி அடித்தவன் காசைத் தொடவில்லை. காசை எடுத்தவள் விளையாட்டில் ஏமாற்றவில்லை. இரண்டு அளவுகள் எந்த அளவுக்குச் சேர்ந்து போகின்றன என்பதைச் சொல்லும் எண்ணுக்கு ஒட்டுறவு என்று பெயர். ஒன்று தெரிந்தால் மற்றது முழுக்கத் தெரியும் என்றால் 1, ஒன்றுமே தெரியாது என்றால் 0. இங்கே கிடைத்தது 0.2-ஐ ஒட்டித்தான்.

1968-இல் வால்டர் மிஷல் இப்படிப்பட்ட ஆய்வுகளை எல்லாம் திரட்டி ஒரு நூல் எழுதினார். ஒரு சூழலில் ஒருவர் நடந்துகொள்வதை வைத்து இன்னொரு சூழலில் அவர் நடத்தையைச் சொல்லப்போனால் ஒட்டுறவு 0.3-ஐத் தாண்டுவது அரிது என்றார். குணம் என்று ஒன்று இருக்கிறதா, அல்லது சூழல்தான் எல்லாமா? அந்தக் கேள்வியில் சுமார் இருபது ஆண்டுகள் கட்சி கட்டிச் சண்டை நடந்தது.

சண்டையை ஓரளவு தீர்த்துவைத்தவர்களில் ஒருவர் சீமோர் எப்ஸ்டைன். 1979-இல் அவர் மாணவர்களைத் தினமும் தங்கள் உணர்வுகளையும் நடத்தையையும் குறித்துவைக்கச் சொன்னார். ஏதாவது ஒரு நாளை இன்னொரு நாளோடு ஒப்பிட்டபோது மிஷல் சொன்ன மாதிரியே ஒட்டுறவு சொற்பம். ஆனால் ஒற்றைப்படை நாட்களின் சராசரியை இரட்டைப்படை நாட்களின் சராசரியோடு ஒப்பிட்டபோது, நாட்கள் கூடக் கூட ஒட்டுறவு மளமளவென்று ஏறியது. பல அளவுகளில் 0.8-ஐ நெருங்கியது. சச்சின் டெண்டுல்கர் தன் முதல் இரண்டு ஒருநாள் சர்வதேச ஆட்டங்களிலும் பூஜ்யத்தில் ஆட்டமிழந்தவர். அந்த இரண்டை வைத்து யாராவது முடிவு கட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஓய்வு பெறும்போது அவருடைய ஒருநாள் சராசரி 44.83. ஆட்டக்காரரின் திறமை ஒவ்வோர் ஆட்டத்திலும் தெரியாது, ஆனால் அது இல்லாமல் அந்தச் சராசரி வராது.

2001-இல் வில்லியம் ஃப்ளீசன் இதை இன்னும் கிட்டே போய்ப் பார்த்தார். மாணவர்கள் கையில் சிறு கருவியைக் கொடுத்து ஒரு நாளைக்குப் பல முறை, கடந்த சில மணி நேரம் எப்படி நடந்துகொண்டாய் என்று கேட்டார். கூச்ச சுபாவக்காரர்கள் அடிக்கடி கலகலப்பாகவும் இருந்தார்கள். கலகலப்பானவர்கள் ஒதுங்கியும் இருந்தார்கள். ஒரே ஆளுக்குள் இருக்கும் ஏற்ற இறக்கம், ஆளுக்கு ஆள் உள்ள வித்தியாசத்துக்குக் குறையாமல் இருந்தது. அப்படியும் ஒருவரின் முதல் வாரச் சராசரி அடுத்த வாரம் கிட்டத்தட்ட அப்படியே திரும்பி வந்தது. குணக்கூறு என்பது பலநூறு தருணங்களின் சாய்வு. எந்த ஒரு தருணத்திலும் அதைக் கையும் களவுமாகப் பிடிக்க முடியாது.

எங்கே, யாரிடம்

ஆனால் வீட்டுப் புலிக்குச் சராசரி போட்டால் ஒரு சாதாரண மனிதர் வந்து நிற்பார்: கோபம் நடுத்தரம். இது கணக்கில் சரி, அவர் மனைவியிடம் சொன்னால் சிரிப்பார்.

இங்கே மிஷலே திரும்பி வருகிறார். யுய்ச்சி ஷோடா, ஜாக் ரைட் என்ற இருவரோடு சேர்ந்து, நியூ ஹாம்ப்ஷயரில் விடிகோ என்ற கோடை முகாமில் பிள்ளைகளை வாரக்கணக்கில் நாள் முழுவதும் கவனித்துக் குறித்தார். சராசரிக் கோபத்தோடு அவர்கள் நிற்கவில்லை. கோபம் எப்போது வந்தது என்றும் எழுதினார்கள். கூட்டாளி சீண்டியபோதா, கூட்டாளி பேச வந்தபோதா, பெரியவர் பாராட்டியபோதா, எச்சரித்தபோதா, தண்டித்தபோதா? மொத்தக் கோபம் ஒரே அளவாக உள்ள இரண்டு பையன்களில் ஒருவன் பெரியவர்கள் அதட்டினால் மட்டும் சீறுவான், சகபையன்களிடம் சாது. மற்றவன் நேர் எதிர். இந்த "இப்படியானால் அப்படி" என்ற கோலம் ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியாக இருந்ததோடு, முகாம் முடியும் வரை திரும்பத் திரும்ப அதே வடிவில் வந்தது. 1994-இல் இந்த முடிவு வெளியானது.

நம் ஆளுக்கும் இதே கணக்குதான். மேலாளரிடம் எலி, மனைவியிடம் புலி என்பது ஆண்டுக்கணக்கில் மாறாமல் அப்படியே நிற்கிறது என்றால், அந்தக் கோலமே அவர் குணம். எதிர்த்துப் பேச முடியாதவர்கள் முன்னால் மட்டும் குரல் உயர்கிறது என்பதைக் கண்டுபிடிக்க, கோபத்தை மட்டும் எண்ணாமல் எதிரே யார் நின்றார்கள் என்றும் எழுத வேண்டியிருக்கிறது. தேர்வுத் தாள்கள் இதைப் பெரும்பாலும் கேட்பதில்லை. "எளிதில் கோபப்படுவேன்" என்ற வாக்கியத்துக்கு அவர் எந்த இடத்தை நினைத்துக்கொண்டு எண் போடுவார் என்று நமக்குத் தெரியாது.

பொலிவியக் காட்டில் இரண்டு

ஐந்து சரடுகளும் மனிதர் எல்லோருக்கும் பொதுவா? பல நாடுகளில், பெரும்பாலும் கல்லூரி மாணவர்களிடம், ஐந்து வந்திருக்கிறது. பொலிவியாவில் வேட்டையாடியும் பயிரிட்டும் வாழ்கிற சிமானே மக்களிடம் மைக்கேல் கர்வன் குழுவினர் இதைச் சோதித்தார்கள். 632 பேரிடம் அவர்கள் மொழியில் கேட்டார்கள். 2013-இல் வந்த முடிவில் ஐந்து தென்படவில்லை. தென்பட்டவை இரண்டு: மற்றவரோடு ஒத்துப்போய் உதவுவது ஒன்று, உழைப்பு மற்றொன்று. குறைவான ஆட்களோடு வாழ்நாளைக் கழிக்கும் சிற்றூரில், வேலைக்கேற்ற விதவிதமான குணச்சேர்க்கைகள் பிரிந்து வளர இடமில்லை என்பது ஒரு விளக்கம்.

இன்னொரு விளக்கம் அவ்வளவு கவர்ச்சியானது இல்லை. 2019-இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு, வளரும் நாடுகளில் கணக்கெடுப்பாளர் வீட்டுக்கே போய் நேரில் கேட்ட பதில்களில் ஐந்து சரடும் சிக்கலாகிப் போவதையும், அதே நாடுகளில் இணையத்தில் எழுதியவர்களிடம் ஓரளவு தெளிவாக வருவதையும் காட்டியது. ஆறு வாக்கியத்தில் நாம் பார்த்த ஆமாம் போடும் வழக்கம் இங்கே பெரிய ஆட்டம் ஆடுகிறது. வீடு தேடி வந்தவர் கேட்கும்போது இல்லை என்று சொல்வதற்கு ஒரு கூச்சம் உண்டு. எனக்கு இந்தச் சுவையற்ற விளக்கத்தில்தான் நம்பிக்கை அதிகம். ஆனாலும் சிமானே முடிவை முழுக்க இதில் கரைத்துவிட முடியும் என்று தோன்றவில்லை.

வேலைக்கு ஆள் எடுக்கும் இடத்தில்

இத்தனை ஓட்டைகள் இருந்தும் தேர்வுகள் எதையாவது சொல்கின்றனவா? சொல்கின்றன, கொஞ்சம். 1991-இல் மர்ரே பேரிக்கும் மைக்கேல் மவுண்ட்டும் 117 ஆய்வுகளைத் தொகுத்தார்கள். காவலர், விற்பனையாளர், மேலாளர் என்று எந்த வேலையை எடுத்தாலும் வேலைத் திறத்தோடு சேர்ந்து போன குணக்கூறு பொறுப்புணர்வுதான். ஒட்டுறவு 0.2 அளவில். ஆயிரம் பேரை எடுக்கும் நிறுவனத்துக்கு அது லாபம். எதிரே உட்கார்ந்திருக்கும் ஓர் இளைஞரைப் பற்றி அது சொல்வது சொற்பம்.

அதுவும் அவர் உண்மை சொன்னால்தான். வேலை வேண்டும் என்கிறவர், எல்லாப் பையையும் முதல் நாளே கட்டிவிடுவார். இதைச் சமாளிக்க, இரண்டு நல்ல வாக்கியங்களைக் கொடுத்து எது உங்களுக்கு அதிகம் பொருந்தும் என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறார்கள். நம் ராணுவ அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் எஸ்.எஸ்.பி. வேறு வழியில் போகிறது. ஐந்து நாள் தங்கவைத்து, படம் காட்டிக் கதை எழுதச் சொல்கிறது. 15 நொடிக்கு ஒன்றாக 60 சொற்களைக் காட்டி, தோன்றியதை வாக்கியமாக எழுதச் சொல்கிறது. மைதானத்தில் கட்டையும் கயிறும் கொடுத்துக் குழுவாகத் தடை தாண்டச் சொல்கிறது. கதையைப் படித்துக் குணம் சொல்வதில் மதிப்பிடுபவரின் கண்ணுக்கு அதிக இடம் இருக்கிறது என்பது பழைய குற்றச்சாட்டு, அதில் நியாயமும் உண்டு. ஆனால் பல நாள், பல சூழல், பல கண்கள் என்ற ஏற்பாடு எப்ஸ்டைன் காட்டியதோடு ஒத்துப்போகிறது.

பிறவிக் குணமா?

இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வுகளில் ஆளுக்கு ஆள் உள்ள குண வித்தியாசத்தில் சுமார் 40 முதல் 50 சதவீதம் மரபணு வித்தியாசத்தோடு சேர்ந்து போகிறது. உங்கள் கோபத்தில் பாதி தாத்தாவிடமிருந்து வந்தது என்று இதற்கு அர்த்தம் இல்லை. ஒரு கூட்டத்துக்குள் இருக்கும் வேறுபாட்டைப் பற்றிய கணக்கு இது. ஒற்றை மனிதரைப் பாகம் பிரிப்பதற்கு உதவாது.

மரபணுவின் பங்கு இருப்பதால் குணம் மாறாது என்றும் ஆகிவிடாது. 2006-இல் பிரென்ட் ராபர்ட்ஸ் குழுவினர், அதே ஆட்களை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து அளந்த 92 குழுக்களின் தரவுகளைத் தொகுத்தார்கள். இருபது வயதுக்கும் நாற்பது வயதுக்கும் நடுவே பொறுப்புணர்வு கூடுகிறது, மனக்கலக்கம் தணிகிறது. கல்லூரி மாணவர்களின் சராசரி ஆசிரியர்களுடையதைவிடக் குறைவாக இருக்கும் என்று நம் கற்பனைத் தாளில் ஊகித்ததற்கு ஆதாரம் இதுதான். சிகிச்சையும் நகர்த்துகிறது. அதே ராபர்ட்ஸ் 2017-இல் 207 ஆய்வுகளைத் தொகுத்தபோது, சராசரியாக 24 வார உளவியல் சிகிச்சைக்குள் மனக்கலக்கம் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு இறங்கியிருந்தது. அதற்கு அடுத்தபடியாகக் கலகலப்பு கொஞ்சம் ஏறியிருந்தது. பொறுப்புணர்வு அந்த அளவுக்கு அசையவில்லை. அதில் ஆச்சரியப்பட ஏதுமில்லை. சிகிச்சைக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் பதற்றமும் மனச்சோர்வும் தாங்காமல் வந்தவர்கள். கட்டணத்தை நேரத்துக்குக் கட்டக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று யாரும் மருத்துவரிடம் போவதில்லை.